கட்டுப் போட்டால் எலும்பு கூடாதா?

கேள்வி: எங்கள் ஊர் வெள்ளகோவிலுக்குப் பக்கம். அம்மாவுக்கு 74 வயது. நேற்று விடிகாலை பால் கறக்கப் போனவர் கட்டுத்தரையில் வழுக்கி விழுந்துவிட்டார். எழ முடியவில்லை. வலது கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் சாய்ந்து கிடக்கிறது. திருப்பூரில் சேர்த்திருக்கிறோம். தொடை எலும்பின் கழுத்து முறிந்து விலகிவிட்டது, பாதி மூட்டு மாற்ற வேண்டும் என்கிறார்கள். பெரியப்பா, “என் கை முறிந்தபோது நாட்டுக் கட்டில்தான் கூடியது, கூட்டிக்கொண்டு வா” என்கிறார். அக்கா, “இந்த வயதில் கத்தி வைக்க வேண்டுமா” என்று அழுகிறார். பக்கத்துத் தோட்டத்து ஆத்தாவுக்கும் இடுப்புதான் முறிந்தது. அவருக்குக் கம்பி வைத்தார்களே தவிர மூட்டை மாற்றவில்லை. அம்மாவுக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டும் உண்டு. இரும்பை உள்ளே வைத்தால் துருப்பிடிக்காதா என்றும் கேட்கிறார்கள். என்ன செய்யட்டும்?

அன்புள்ள தம்பிக்கு,

கடிதத்தைப் படித்ததும் தொலைபேசியில் உங்களிடம் சொன்னதையே இங்கும் முதலில் வைக்கிறேன். அம்மாவை மருத்துவமனையிலிருந்து கூட்டிக்கொண்டு வராதீர்கள். அறுவை நாளைக்குள் நடந்துவிட்டால் நல்லது. எண்ணெய் போட்டு நீவ யாரையும் விடாதீர்கள்.

இனி எழுதுவதெல்லாம் பெரியப்பாவுக்காக. அவர் கேட்டது நியாயமான கேள்வி. கை எலும்பு கூடியதே, தொடை எலும்பு மட்டும் ஏன் கூடாது? முப்பது வருடமாக ஈரோட்டில் எலும்பு மருத்துவம் பார்க்கிறேன். இந்தக் கேள்விக்கு உட்கார்ந்து பதில் சொல்லாமல், “இங்கே கையெழுத்துப் போடுங்கள்” என்று நாங்கள் அவசரப்படுத்துவதால்தான் எத்தனையோ குடும்பங்கள் நோயாளியைக் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு போய்விடுகின்றன. ஆகவே நிதானமாகச் சொல்கிறேன். இன்று இரவே அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

முதலில் பெரியப்பாவின் கையை எடுத்துக்கொள்வோம். எலும்பின் மேல் மெல்லிய சவ்வு ஒன்று போர்த்தியிருக்கிறது. எலும்பு முறிந்தவுடன் அந்த இடத்தில் ரத்தம் கட்டுகிறது. அந்தக் கட்டுக்குள் நுண்ணிய ரத்தக் குழாய்கள் புகுகின்றன. சவ்வின் உட்பக்கத்துச் செல்கள் பெருகி, முறிவைச் சுற்றி மெழுகை அப்பியதுபோலப் புது எலும்பு திரள்கிறது. சில வாரங்களில் அது இறுகுகிறது. இத்தனையும் உடம்பு தானாகச் செய்யும் வேலை. முட்டை வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் குழைத்துப் பற்றுப் போட்டு, மூங்கில் பத்தை வைத்துக் கட்டியது, அந்த வேலை நடக்கும்வரை எலும்பை அசையாமல் பிடித்துக்கொண்டது. நாங்கள் போடும் மாவுக்கட்டும் அதைத்தான் செய்கிறது. இறுக்கிக் கட்டி விரல்கள் கறுத்துப்போன குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன் என்பதால் நாட்டுக் கட்டுக்கு யாரையும் அனுப்ப மாட்டேன். ஆனால் பெரியப்பாவின் கை கூடியது உண்மை. கூடியதன் காரணமும் இதுதான்.

அம்மாவுக்கு முறிந்திருக்கும் இடம் வேறு மாதிரியானது. தொடை எலும்பின் மேல்நுனி பந்து போல உருண்டது. இடுப்பு எலும்பில் கிண்ணம் போன்ற குழி இருக்கிறது. பந்து அதற்குள் சுழல்கிறது. பந்தையும் தொடைத் தண்டையும் சேர்ப்பது, ஏறக்குறைய 130 பாகைக் கோணத்தில் சாய்ந்து நிற்கும் ஒரு குறுகிய கழுத்து. இந்தக் கழுத்தின் பெரும்பகுதி மூட்டின் உறைக்குள்ளேயே இருக்கிறது. கை எலும்பின் மேல் இருந்த, புது எலும்பைத் திரட்டும் அந்தச் சவ்வு இங்கே இல்லை. முறிவில் கட்ட வேண்டிய ரத்தத்தையும் மூட்டு நீர் கலைத்துவிடுகிறது.

அதைவிடப் பெரிய சிக்கல் ரத்த ஓட்டம். உங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. பரம்பிக்குளம் ஆழியாறு பாசன (பி.ஏ.பி.) வாய்க்காலின் கடைமடையில் தோட்டம் வைத்திருப்பவர்கள் நீங்கள். மேலே எங்காவது உடைப்பு ஏற்பட்டால் உங்கள் காட்டுக்கு என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. பந்துக்கும் அப்படித்தான். அதற்கு வரும் ரத்தத்தில் பெரும்பங்கு, கழுத்தின் அடியில் தொடங்கி, கழுத்தை ஒட்டியே மேலேறும் சில மெல்லிய குழாய்கள் வழியாகத்தான் வருகிறது. உச்சியில் கிண்ணத்தோடு சேர்க்கும் ஒரு தசைநார் வழியாக வரும் ரத்தம், பெரியவர்களுக்குப் போதவே போதாது. கழுத்து முறிந்து விலகும்போது இந்தக் குழாய்கள் அறுந்துபோகின்றன. கடைமடை காய்கிறது. எவ்வளவு நன்றாகக் கட்டினாலும், கட்டால் வாய்க்காலைச் சேர்க்க முடியாது.

கட்டு அங்கே பிடிக்கவும் பிடிக்காது. முன்கையில் பத்தை எலும்புக்கு வெகு அருகில் இருக்கிறது. இடுப்பிலோ எலும்பைச் சுற்றிப் பெரிய பெரிய தசைகள். படுத்திருக்கும்போதுகூட அவை காலை மேல்நோக்கி இழுக்கின்றன. அம்மாவின் கால் குட்டையாகி வெளியே திரும்பியிருப்பது அதனால்தான். வெளியே சுற்றும் துணி எதுவும் அந்த இழுப்பை நிறுத்தாது. காலில் எடையைத் தொங்கவிட்டு ஆறு வாரம் படுக்க வைப்பது எங்கள் பழைய வழக்கம். அதிலும் இந்த முறிவு கூடவில்லை, நோயாளிகள்தான் தேய்ந்துபோனார்கள்.

நான் பணிக்குச் சேர்ந்த புதிதில் சிவகிரிப் பக்கத்திலிருந்து ஒரு பாட்டியைக் கொண்டுவந்தார்கள். இதே முறிவு. அறுவை வேண்டாம் என்று வீட்டுக்குக் கூட்டிப்போய்க் கட்டுப் போட்டு, நான்கு மாதம் கயிற்றுக் கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். திரும்பி வந்தபோது முதுகுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குப் படுக்கைப்புண். அதை ஆற்றவே பல வாரங்கள் ஆயின. பிறகு அறுவை செய்தபோது கழுத்து என்று சொல்ல அங்கே ஒன்றுமில்லை, கரைந்துபோயிருந்தது. பந்து கிண்ணத்துக்குள் தனியாகக் கிடந்தது. வெளியே எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தேன். சின்ன எலுமிச்சை அளவு. மேலே குருத்தெலும்பு இளநீர் வழுக்கை போல வெண்மையாகப் பளபளத்தது. மூட்டு நீரிலிருந்தே ஊட்டம் பெறுவதால் அது பிழைத்திருந்தது. உள்ளே வெட்டிப் பார்த்தால் பழஞ்சுவரின் காரை போல உதிர்ந்தது. அந்தப் பாட்டி கடைசிவரை தடுப்புச் சட்டத்தை (வாக்கர்) பிடித்துத்தான் நடந்தார். முதல் வாரத்தில் செய்திருந்தால் வெறும் கைத்தடியோடு போயிருப்பார் என்பது இன்னும் என் மனதை விட்டுப் போகவில்லை. அவர் பிள்ளைகள் கல்நெஞ்சக்காரர்கள் அல்ல. ஏன் கூடாது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

பக்கத்துத் தோட்டத்து ஆத்தா விஷயம் வேறு. அவருக்கு முறிந்தது பெரும்பாலும் கழுத்துக்குக் கீழே, கழுத்தும் தண்டும் சேரும் புடைப்பான பகுதியாக இருக்கும். அம்மாவின் முறிவுக்கும் அதற்கும் இரண்டு விரற்கடை தூரம் இருக்கலாம். ஆனால் அது மூட்டு உறைக்கு வெளியே. தசைகள் ஒட்டியிருக்கும், ரத்தம் நன்றாகப் பாயும் இடம். கம்பி வைத்து அசையாமல் பிடித்தால் பெரும்பாலும் கூடிவிடும். “இடுப்பு முறிவு” என்று ஊரில் ஒரே பெயர் சொன்னாலும் இரண்டும் இரண்டு நோய்கள்.

அம்மாவுக்கும் திருகாணி போட்டுப் பார்க்கலாமே என்று யாராவது சொல்லக்கூடும். நாற்பது வயதுக்காரருக்கு அதைத்தான் செய்வோம். சொந்தப் பந்தைக் காப்பாற்ற என்ன பாடும் படலாம். விலகிய கழுத்து முறிவுக்குத் திருகாணி போட்ட முதியவர்களின் பழைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு எலும்பு கூடவே இல்லை. கூடியவர்களிலும் சிலருக்குப் பந்து செத்துப்போனது. 74 வயதில் இரண்டாவது அறுவைக்கு இடம் வைக்கக் கூடாது. முறிந்த பந்தை எடுத்துவிட்டுச் செயற்கைப் பந்து வைக்கும் பாதி மூட்டு மாற்றை உங்கள் டாக்டர் சொன்னது சரியான முடிவு.

அக்காவின் கண்ணீருக்கு வருகிறேன். ஆபத்து இல்லை என்று அவரிடம் பொய் சொல்ல மாட்டேன். இடுப்பு முறிந்த முதியவர்களில் ஐந்தில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை ஓராண்டுக்குள் இறந்துவிடுவதாகப் பல நாட்டுக் கணக்குகளும் சொல்கின்றன. பெரும்பாலும் அவர்களைக் கொண்டுபோவது படுக்கைதான்: நுரையீரலில் சளி கட்டி நிமோனியா, சிறுநீர்த் தொற்று, காலில் ரத்தம் உறைந்து நெஞ்சுக்கு ஏறுவது, படுக்கைப்புண். கத்தியைவிடக் கட்டில்தான் கொடியது. அம்மாவைப் படுக்கையிலிருந்து எழுப்பி உட்கார வைப்பதற்குத்தான் இந்த அறுவை. இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போக முதுகில் ஊசி போட்டே செய்துவிடலாம். தொடையில் நரம்பைச் சுற்றி ஓர் ஊசி போட்டால் அறுவைக்கு முன்பே வலி வெகுவாக அடங்கும். அதை இன்றிரவே போட முடியுமா என்று கேளுங்கள். வலியில் விட்டுவைப்பது அம்மாவுக்குத் தேவையில்லாத கொடுமை.

எவ்வளவு சீக்கிரம் செய்ய வேண்டும் என்பதற்கு நல்ல விடை இருக்கிறது. இந்தியா உட்பட 17 நாடுகளின் 69 மருத்துவமனைகளில், இடுப்பு முறிந்த 2,970 பேரை வைத்து ஓர் ஆய்வு நடத்தி 2020இல் வெளியிட்டார்கள். ஒரு பிரிவினருக்கு ஆறு மணி நேரத்துக்குள் அறுவை. இன்னொரு பிரிவினருக்கு வழக்கம்போல, ஏறக்குறைய ஒரு நாளில். இறந்தோர் எண்ணிக்கையில் பெரிய வேறுபாடில்லை. ஆனால் சீக்கிரம் செய்தவர்களுக்கு மனக் குழப்பமும் சிறுநீர்த் தொற்றும் குறைந்தன; அவர்கள் சீக்கிரம் எழுந்து நடந்தார்கள். ஆகவே பதறி ஓட வேண்டியதில்லை, தள்ளிப்போடவும் கூடாது. நாளை முடிந்துவிட்டால் மகிழ்ச்சி. சர்க்கரையை மருந்து கொடுத்துக் கட்டுக்குள் கொண்டுவர ஓர் இரவு போதும். அம்மா ஆஸ்பிரின் சாப்பிட்டு வந்தால் அதற்காக ஒரு வாரம் காத்திருக்கத் தேவையில்லை. ரத்த அழுத்தம் கொஞ்சம் கூடியிருக்கிறது என்பதற்காகவே நாள் தள்ளினால், தயங்காமல் காரணம் கேளுங்கள்.

அறுவையான முதல் சில இரவுகளில் அம்மா ஏதேதோ பேசலாம். செத்துப்போன அப்பாரு வந்து நிற்கிறார் என்று சொல்லலாம். அக்கா பயந்துவிட வேண்டாம். முதியவர்களுக்கு அடிக்கடி வருவது இது. பெரும்பாலும் சில நாட்களில் தெளிந்துவிடும். அதிலும் பழகிய முகம் பக்கத்தில் இருந்தால் சீக்கிரம் தெளியும். மூக்குக்கண்ணாடியைக் கையிலேயே கொடுங்கள். பகலில் வெளிச்சம் படும்படி உட்கார வையுங்கள்.

துருப்பிடிக்குமா என்ற கேள்விக்குப் பதில்: பிடிக்காது. உள்ளே வைப்பது கோபால்ட், குரோமியம் கலந்த உலோகமோ, அதற்கென்றே செய்த துருவேறா எஃகோதான். சில இடங்களில் டைட்டானியமும் உண்டு. இந்த நம்பிக்கை எளிதில் வந்ததல்ல. இன்றைய முழு இடுப்பு மாற்றுக்கு வழிவகுத்த ஜான் சார்ன்லி என்ற ஆங்கிலேய மருத்துவர், முதலில் கிண்ணத்துக்கு டெஃப்லான் என்ற வழுவழுப்பான பிளாஸ்டிக்கைப் பயன்படுத்தினார். வலி போய் நடந்த நோயாளிகள் சில ஆண்டுகளில் திரும்பி வந்தார்கள். டெஃப்லான் தேய்ந்து, அதன் துகள்கள் எலும்பையே அரித்திருந்தன. அவர் அதை மறைக்கவில்லை. வைத்ததையெல்லாம் எடுத்து மாற்றினார். 1962இல் பாலிஎத்திலீன் என்ற கடினமான பிளாஸ்டிக்குக்கு மாறினார். அதன் துணுக்கைத் தன் தொடையிலேயே பதித்துச் சோதித்தும் பார்த்தார். தன் தவற்றைத் தானே எண்ணிப் பார்த்துத் திருத்திக்கொண்ட வைத்தியம் இது. நோயாளியின் உடம்பில் அதை வைக்கும்போது எனக்குக் கை நடுங்காமல் இருப்பது அதனால்தான்.

முழு மூட்டு வைத்தால் இன்னும் நல்லதா என்று உறவினர் யாராவது கேட்பார்கள். பாதி மாற்று என்றால் பந்தை மட்டும் மாற்றுவது. முழு மாற்றில் கிண்ணத்துக்கும் புதிது. 50 வயதைக் கடந்த ஏறக்குறைய 1,500 பேரிடம் இரண்டையும் ஒப்பிட்ட பெரிய ஆய்வு 2019இல் வந்தது. இரண்டு ஆண்டுகளுக்குள் மறு அறுவை தேவைப்பட்டோர் முழு மாற்றில் 7.9 சதவீதம், பாதி மாற்றில் 8.3 சதவீதம். இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லிவிடலாம். நடையில் முழு மாற்று சற்றே மேல். ஆனால் மூட்டு கழன்றுவிடும் தொல்லை அதில் கொஞ்சம் அதிகம், அறுவை நேரமும் அதிகம். அம்மாவின் கிண்ணம் தேயாமல் இருந்தால் பாதி மாற்றே போதும் என்பது என் கருத்து. கடைசி முடிவை நேரில் பார்க்கும் டாக்டருக்கு விடுங்கள்.

அவரிடம் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி வேறு: “சிமெண்ட் வைத்துப் பொருத்துவீர்களா?” வீடு கட்டும் சிமெண்ட் அல்ல, பல்செட் செய்யப் பயன்படும் அக்ரிலிக் வகை. முதியவரின் தளர்ந்த எலும்புக்குள் தண்டை அது கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். சிமெண்ட் வைத்தவர்களையும் வைக்காதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு 2022இல் வந்தது. வைத்தவர்களுக்குச் செயற்கை மூட்டைச் சுற்றி மறுபடி எலும்பு முறிந்தது 0.5 சதவீதம், வைக்காதவர்களுக்கு 2.1 சதவீதம். சிமெண்ட் செலுத்தும் சில நிமிடங்களில் ரத்த அழுத்தம் இறங்கக்கூடும் என்பதும் உண்மை. மயக்க மருத்துவர் அதற்கு ஆயத்தமாக இருப்பார்.

பணம் பற்றி நீங்கள் எழுதவில்லை. ஆனாலும் சொல்கிறேன். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை வீட்டில் இருந்தால் எடுத்துக்கொண்டு போங்கள். திருப்பூர், கோவை, பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் எலும்பு அறுவைப் பிரிவு இருக்கிறது. கடன் வாங்கித்தான் அம்மாவை நடக்க வைக்க வேண்டும் என்பதில்லை.

அறுவைக்கு மறுநாளே தடுப்புச் சட்டத்தைப் பிடித்து நிற்க வைப்பார்கள். வலிக்கும். “ஐயோ, படுக்கட்டும் விடுங்கள்” என்று நீங்களே தடுத்துவிடாதீர்கள். புது மூட்டு அன்றைக்கே எடை தாங்கும். ஆனால் இனி குத்தவைத்து உட்காருவது, சம்மணம் போடுவது, பலகையில் உட்கார்ந்து சாப்பிடுவது எல்லாம் வேண்டாம். மூட்டு கழன்றுவிடக்கூடும். வீட்டுக் கழிப்பறையில் உயரமான இருக்கை பொருத்துங்கள், பக்கத்தில் ஒரு கைப்பிடியும். அம்மா வீடு திரும்புவதற்குள் முடித்துவிடுங்கள்.

இந்த முறிவுக்குக் கட்டுத்தரை பாதிக் காரணம்தான். நின்ற உயரத்திலிருந்து விழுந்து இடுப்பு முறிகிறது என்றால் எலும்பு முன்பே மெலிந்துவிட்டது என்று பொருள். எக்ஸ்ரேவில் நல்ல பக்கத்து இடுப்பைப் பாருங்கள். கழுத்துக்குள் மெல்லிய கோடுகள் வளைந்து வளைந்து போகும். உடம்பின் எடை எந்த வழியில் இறங்குகிறதோ அந்த வழியில் எலும்பு தன்னைத் தானே அடுக்கிக்கொண்ட இழைகள் அவை. 1860களில் சூரிச் நகரில் மெயர் என்ற உடற்கூறு ஆசிரியர் காட்டிய அந்த இழைகளில், கல்மன் என்ற பொறியாளர் பாரந்தூக்கியின் விசைக்கோடுகளைக் கண்டார். வயதாக ஆக அந்த இழைகள் ஒவ்வொன்றாக மறையும். எது முதலில் மறைகிறது, எது கடைசிவரை நிற்கிறது என்று ஆறு படிகளாகப் பிரித்து, எலும்பு மெலிவை எக்ஸ்ரேயிலேயே மதிப்பிடும் முறையை 1970இல் வெளியிட்டவர்கள் நம் நாட்டு மருத்துவர்கள்: மன்மோகன் சிங்கும் (பிரதமராக இருந்தவர் அல்ல) அவருடன் பணியாற்றியவர்களும். இன்று இன்னும் துல்லியமான அடர்த்தி அளவீடு இருக்கிறது. அம்மாவுக்கு அதை எடுத்துப் பார்க்கும் முன்பே விடை தெரிந்துவிட்டது.

இடுப்பைச் சரிசெய்ததோடு பலரும் விட்டுவிடுகிறார்கள், எலும்பு மெலிவைக் கவனிப்பதில்லை. அடுத்து முறிவது மறுபக்க இடுப்பாகவோ முதுகெலும்பாகவோ இருக்கலாம். எலும்பு மெலிவைத் தடுக்கும் சோலெட்ரோனிக் அமிலம் என்ற மருந்தை ஆண்டுக்கு ஒருமுறை குளுக்கோஸ் ஏற்றுவதுபோல் ஏற்றலாம். இடுப்பு முறிவுக்கு அறுவை செய்துகொண்டவர்களுக்கு மூன்று மாதத்துக்குள் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2007இல் வெளிவந்தது. புதிய முறிவுகள் 35 சதவீதமும் இறப்பு 28 சதவீதமும் குறைந்தன. சிறுநீரகம் நன்றாக இருக்கிறதா, வைட்டமின் டி போதுமா, பல் பிடுங்க வேண்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தர வேண்டும். இரண்டு வாரத்தில் தையல் பிரிக்கப் போகும்போது இதை நீங்களே எடுத்துக் கேளுங்கள்.

வெயிலில் காட்டு வேலை செய்தவருக்கு வைட்டமின் டி குறையுமா என்று நினைக்காதீர்கள். நம் பக்கத்துப் பெண்களிடம் அந்தக் குறையை நிறையப் பார்க்கிறேன். இன்னொன்றும் பார்க்கிறேன். விடிகாலை நான்கு மணிக்கு எழுந்து கறந்த பாலையெல்லாம் சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு, தான் மட்டும் வரக்காப்பி குடிக்கும் பெண்கள். உங்கள் அம்மா அப்படியா என்று தெரியாது. அப்படியானால் இனி முதல் டம்ளர் அவருக்கு. 100 கிராம் ராகியில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. களியை வாரத்துக்கு ஒருநாள் விருந்துச் சாப்பாடு ஆக்காமல் பழையபடி அடிக்கடி கிண்டுங்கள். சர்க்கரை இருப்பதால் அளவோடு, கொள்ளுப் பருப்பும் கீரையும் சேர்த்து. தினமும் ஒரு முட்டையும் கொடுங்கள். காயம் ஆறப் புரதம் வேண்டும்.

அக்காவுக்கு மாதவிடாய் நின்றிருந்தால் அவரும் எலும்பு அடர்த்தி பார்த்துக்கொள்ளட்டும். தாய்க்கு இடுப்பு முறிந்தால் மகளுக்கும் அந்த வாய்ப்பு கூடுதல்.

கட்டுத்தரையில் பாசி பிடித்த பலகைக்கல் இருந்தால் கொத்திச் சொரசொரப்பாக்குங்கள். கோமியம் தேங்காமல் வாட்டம் வையுங்கள். ஒரு விளக்கும் போடுங்கள். மாடு அம்மாவின் குரலுக்குத்தான் பால் விடும் என்று தொலைபேசியில் சொன்னீர்கள். அப்படியானால் கறப்பது நீங்களாக இருங்கள். ஒரு மாதம் கழித்து அம்மாவுக்குப் பக்கத்தில் கைவைத்த நாற்காலி ஒன்று போட்டு உட்கார வையுங்கள். அவர் பேசிக்கொண்டிருக்கட்டும்.

நாளை அறுவை அரங்குக்குக் கூட்டிப்போகும் முன் ஏதாவது புரியாவிட்டால் எந்த நேரமானாலும் கூப்பிடுங்கள். பெரியப்பா பேச வேண்டும் என்றாலும் கொடுங்கள், பேசுகிறேன்.

அன்புடன்,
உங்கள் எலும்பு மருத்துவர், ஈரோடு